நார்மலைஸ் – ஒலியளவுச் சீராக்கம்

வீட்டு விசேஷ வீடியோவைத் தொகுக்கும்போது ஒரு துண்டில் பேச்சு கேட்காது, அடுத்த துண்டில் காது கிழியும். உடனே எல்லோரும் தேடிப் போவது 'நார்மலைஸ்' பொத்தானை. அதை அழுத்தியும் ஒன்றும் மாறவில்லை என்ற புகாரை அடிக்கடி கேட்கலாம். காரணம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

லத்தீனில் 'நோர்மா' என்பது தச்சர் கோணம் பார்க்கும் மூலைமட்டம். அதற்குப் பொருந்தி நிற்பது நார்மல். பொருந்த வைப்பது நார்மலைஸ். ஆக, ஒலியை ஏதோ ஓர் அளவுக்குக் கொண்டுவருகிறோம். எந்த அளவுக்கு என்பதுதான் கேள்வி.

டிஜிட்டல் ஒலியின் உச்சவரம்பு 0 டெசிபெல். மற்றதெல்லாம் அதற்குக் கீழே மைனஸில் இருக்கும். பழைய முறை, துண்டின் மிக உயர்ந்த ஒரே புள்ளியை -1 போன்ற இலக்குக்கு ஏற்றி, மீதியையும் அதே அளவு உயர்த்தும். தாலி கட்டும் காட்சியைப் பாருங்கள். கெட்டிமேளம் ஏற்கெனவே -1ஐத் தொட்டிருக்கும். பின்னால் பாட்டி வாழ்த்துவது -30இல் கிடக்கும். துண்டு முழுவதற்கும் நார்மலைஸ் போட்டால் பாட்டி குரல் இம்மியும் ஏறாது. அந்தப் பேச்சை மட்டும் தனியாக வெட்டிப் போட்டால் ஏறும், கூடவே ஃபேன் இரைச்சலும் ஏறும்.

காதோ ஒரு நொடி உச்சத்தை வைத்துச் சத்தத்தை எடைபோடுவதில்லை. கொஞ்ச நேரம் கேட்டுத்தான் சத்தம் கூடுதலா குறைவா என்று உணர்கிறது. இதை அளக்கும் முறையைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் வெளியிட்டது. 2010இல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் -23 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் சத்தத்தின் அலகு) என்று இலக்கு வைத்தது. உச்சத்தை விட்டு, துண்டின் மொத்தச் சத்தத்தை இப்படி ஓர் இலக்குக்குக் கொண்டுவருவதே புதிய முறை. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இந்த இரண்டு முறைகளும் தனித்தனிக் கட்டளைகளாகவே உள்ளன. வெவ்வேறு ஃபோன்களில் எடுத்த துண்டுகளை ஒன்றுசேர்க்க இரண்டாவதே உதவும்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'இயல்பாக்கம்' தரவுத்தளத்துக்குப் பொருந்தும்; ஒலிக்கு அது எதையும் சொல்லவில்லை. 'சமன்படுத்தல்' என்றால், கனத்த ஒலி, கூரிய ஒலி என்று தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரோடு குழம்பும். எனக்குப் பிடித்தது 'சீராக்கம்'. பொதுவாக ஒலியளவுச் சீராக்கம். பழைய முறைக்கு உச்சச் சீராக்கம். புதியதற்கு, இயற்பியல் பாடநூல்களில் உள்ள 'உரப்பு' என்ற சொல்லை எடுத்து, உரப்புச் சீராக்கம்.

அப்புறம், ஒரே துண்டுக்குள் ஏறி இறங்கும் குரலை நெருக்கிக் கொண்டுவருவது கம்ப்ரசரின் வேலை. அதற்கு 'ஒலி இறுக்கி' சரியாக இருக்கும்.