வன உரிமை பட்டா: "ரிஜெக்ட் ஆயிடுச்சு"ன்னு வாயால சொன்னா எழுந்து வந்துடாதீங்க

வன உரிமைச் சட்டம் 2006ல வந்துச்சு, தமிழ்நாட்டுல கோர்ட் உத்தரவால 2016 வரைக்கும் பட்டா குடுக்கல, வரலாறு இவ்வளவு போதும்.

2005 டிசம்பர் 13க்கு முன்னாடியே காட்டு நிலம் அனுபவத்துல இருந்த பழங்குடி குடும்பத்துக்கு அந்த நிலம் சொந்தம், அதிகபட்சம் 4 ஹெக்டேர். விக்க முடியாது, பிள்ளைங்களுக்குப் போகும். ஃபீஸ் ஒரு பைசா கிடையாது, புரோக்கர் யாராச்சும் கேட்டா விரட்டி விடுங்க.

முதல் சிக்கல் சாதிச் சான்றிதழ்லயே ஆரம்பிக்குது. மலையாளிங்கிற மலைவாழ் சமூகம் (கேரளக்காரங்க இல்ல) சேலத்துல எஸ்டி, ஈரோடு பர்கூர் மலையில எஸ்டி இல்ல! அங்க இருக்கவங்க "பாரம்பரிய வனவாசி"ன்னு தான் மனு போடணும், அதுக்கு மூணு தலைமுறை, 75 வருஷக் கணக்கு காட்டணும். உடனே ஆபீஸ்ல "இந்த நிலத்தை 75 வருஷமா உழுததுக்கு ஆதாரம் எங்க"ன்னு கேப்பாங்க. 75 வருஷம் அங்க குடியிருந்ததுக்குத்தான், அந்தத் துண்டு நிலத்துக்கு இல்ல, இதை மத்திய பழங்குடியினர் அமைச்சகமே தெளிவா சொல்லியாச்சு.

அடுத்து ஆதாரம். ரெண்டு இருந்தா போதும். ரேஷன் கார்டு, வோட்டர் ஐடி, பழைய அபராத ரசீது எல்லாம் செல்லும், எதுவுமே இல்லாட்டி ஊர்ப் பெரியவர் சொல்றத எழுதி வாங்குங்க, தாத்தா பாட்டி சமாதி, கல் வரப்பு, கிணறு கூட ஆதாரம்தான். "சாட்டிலைட் படத்துல காடா தெரியுது"ன்னு மட்டும் சொல்லித் தள்ளக் கூடாது, 2012 திருத்த விதிப்படி அது துணை ஆதாரம் மட்டும்தான்.

அளக்க வர்ற அன்னிக்கு வீட்டுல இருங்க. நான் பாத்த ஒரு கேஸ்ல ராகி நின்ன இடத்தை மட்டும் ஜிபிஎஸ்ல சுத்தி வந்து முடிச்சுட்டாங்க, பக்கத்துல அவங்க அப்பா வச்ச பலா மரமும் கல் வரப்பும் அப்படியே வெளிய நின்னுச்சு. கூடவே நடந்து எல்லாத்தையும் குறிக்கச் சொல்லுங்க. ஃபாரஸ்ட்காரங்க வரவே இல்லையா, கிராம சபையோட வன உரிமைக் குழு அவங்களை வரச் சொல்லி கடிதம் குடுத்ததுக்கு நகல் வச்சுக்கோங்க. பின்னாடி அவங்க ஆட்சேபணை பண்ணா மனு திரும்ப கிராம சபைக்கு வரும், மறுபடி கூப்பிட்டும் வரலைன்னா கிராம சபை பாத்து எழுதினதுதான் முடிவு.

ஆனா ஜனங்க அதிகம் தோக்குறது ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) ஆபீஸ் லெவல்லதான். "ரிஜெக்ட் ஆயிடுச்சுப்பா, போ"ன்னு பியூன் சொல்வாரு, இவங்களும் பஸ் ஏறி வந்துடுவாங்க. தள்ளினாலும் சரி, பரப்பைக் குறைச்சாலும் சரி, காரணத்தோட எழுத்துல உங்க கையில தரணும், தர்றதுக்கு முன்னாடி உங்க பக்கத்தைக் கேக்கணும். அந்தக் காகிதம் கைக்கு வந்ததுல இருந்து 60 நாள் மேல்முறையீட்டுக்கு, கிராம சபை தள்ளினா ஆர்டிஓ தலைமையிலான குழுகிட்ட, ஆர்டிஓ குழு தள்ளினா கலெக்டர் தலைமையிலான குழுகிட்ட. காகிதமே தராம விடுறது எதுக்குன்னு புரியுதா? மனு முடிவாகாம இருக்கும்போது "காலி பண்ணு"ன்னு ரேஞ்சர் வந்தா, சட்டம் 4(5) பிரிவுன்னு சொல்லுங்க, அதுவரைக்கும் வெளியேத்த முடியாது.

பட்டா குடுக்கும்போது போட்டோ எடுக்குற அவசரத்துல கையெழுத்து போட்டுடாதீங்க. பரப்பு சரியா, நாலு எல்லையும் இருக்கா, மனைவி பேரும் சேந்து இருக்கான்னு பாத்துட்டுப் போடுங்க.