விறகின் எடையில் எவ்வளவு தண்ணீர்?

கல்யாண மண்டபங்களுக்கும் உணவகங்களுக்கும் விறகு கொடுப்பது என் தொழில். வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "என்ன மரம்?" புளியா, வேம்பா, சவுக்கா என்று விசாரித்து விலை பேசி, வண்டியை எடைமேடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். காய்ந்த விறகா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. எடை போட்டு வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். ஒரு டன் வாங்கினால் சுமார் 500 கிலோ தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். பிளந்து, நன்றாக உலர்த்திய விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். அதே ஒரு டன்னில் 800 கிலோவுக்குக் குறையாமல் மரம் கிடைக்கும். நஷ்டம் இதோடு முடிவதில்லை. கட்டைக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகிப் போனால்தான் மரம் எரியும். அண்டாவுக்குப் போக வேண்டிய சூடு அதற்கே செலவாகிறது. அடுப்பு சூடேறாமல் புகைகிறது. அந்தப் புகையை நாள் முழுக்கச் சுவாசிப்பவர் அடுப்படியில் நிற்கும் சமையல்காரர். விலையைப் பேசுகிற முதலாளிக்கு அது தெரிவதே இல்லை.

அப்படியானால் மரத்தின் இனம் முக்கியமில்லையா? முக்கியம்தான், ஆனால் வேறு காரணத்துக்காக. நன்றாகக் காய்ந்த பிறகு, ஒரு கிலோ புளியும் ஒரு கிலோ இலவமும் தரும் வெப்பத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் கனத்தில் இருக்கிறது. புளி, கருவேலம், சவுக்கு போன்ற கடின மரங்கள் சிறிய இடத்தில் அதிக எடையை அடக்கி வைத்திருக்கின்றன. நின்று எரிந்து, நல்ல தணல் விடுகின்றன. பிரியாணிக்குத் தம் போட அந்தத் தணல் வேண்டும். முருங்கை, இலவம் போன்ற மென்மையான மரங்கள் குபீரென்று பற்றி, சீக்கிரம் சாம்பலாகிவிடும். அடுப்பு மூட்ட அவை போதும். ஆகவே டிராக்டர் லோடு கணக்கில் வாங்குகிறவர் மரத்தின் பெயரைக் கேட்க வேண்டும். டன் கணக்கில் வாங்குகிறவர் ஈரத்தைக் கேட்க வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிக் கேட்பவரைத்தான் ஏமாற்றுவது எளிது. கடின மரத்தை மேலே அடுக்கி நடுவில் முருங்கையைச் செருகுவதும், எடை போடுவதற்கு முன் லோடின்மேல் தண்ணீர் அடிப்பதும் இந்தத் தொழிலில் நடக்கின்றன. செய்பவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

சோதிப்பது கடினமில்லை. காய்ந்த கட்டைகள் இரண்டை மோதினால் 'டங்' என்று கேட்கும்; பச்சைக் கட்டை மொத்தென்று ஒலிக்கும். வெட்டு முகத்தில் வெடிப்புகள் இருந்தால் நல்ல அடையாளம், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். சில நாள் வெயிலிலேயே முகம் வெடித்துவிடும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். பட்டையோடு கிடக்கும் உருண்டைக் கட்டை உலர நெடுநாள் ஆகும். எனவே லோடின் நடுவிலிருந்து ஒரு கட்டையை உருவி, உங்கள் கண்முன்னே பிளக்கச் சொல்லி, உள்முகத்தில் புறங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் ஈரம். ஈரமானி வைத்திருப்பவர்களும் அப்போது பிளந்த முகத்தில்தான் குத்திப் பார்க்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வேண்டிய விறகைக் கோடையிலேயே வாங்கிவிடுவது நல்லது. பிளந்து, தரையில் படாமல் கல்லின்மேல் அடுக்கி, மேற்புறத்தை மட்டும் மூடுங்கள். தார்ப்பாயால் நான்கு பக்கமும் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

விலை மலிவு என்று எதையும் சமையல் அடுப்பில் வைக்காதீர்கள். வண்ணம் அடித்த பழைய கதவு, பிளைவுட் துண்டு, மருந்து ஏற்றிய மரம் எதுவும் வேண்டாம். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கலாம். சில மர மருந்துகளில் ஆர்சனிக் உண்டு, எரித்தாலும் அது சாம்பலில் தங்கும். அரளிக் கட்டையின் புகையும் நஞ்சு. தொழிற்சாலைகளிலிருந்து வரும், சரக்கு அடுக்கும் பைன் மரப் பலகைத் தட்டுகளில் பெரும்பாலும் ஒரு முத்திரை இருக்கும். அதில் 'எச்டி' (HT) என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது. 'எம்பி' (MB) என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையூட்டியது. இரண்டாவதை என் கடைக்குள் நான் இறக்க விடுவதில்லை. முத்திரையே இல்லாத பலகையையும் அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.