பின்வரிசையில் உட்காருங்கள், புள்ளி போடாதீர்கள்

மூன்றாம் மாதத்திலேயே 'இந்த வேலை எனக்குச் சரிப்படாது' என்கிறார் புதிய ஆசிரியர். பள்ளியில் கேட்டால், 'வழிகாட்டி ஆசிரியர் கொடுத்திருக்கிறோம், பென்சராப்பானும் (மலேசியப் பள்ளிகளில் மேலாளர் வகுப்புக்கு வந்து பாடத்தைப் பார்ப்பது) முடிந்துவிட்டது' என்கிறார்கள். கோப்பில் கையெழுத்துகள் சரியாக இருக்கின்றன. இருவரும் ஒரே வகுப்பறையில் சேர்ந்து இருந்த நாள்தான் இல்லை.

பென்சராப்பான் வழிகாட்டல் அன்று. எத்தனை முறை சொல்வது? அது 0 முதல் 4 வரை புள்ளி போடும் மதிப்பீடு. பதவி உறுதியாகாத அந்த 1 முதல் 3 ஆண்டு தகுதிகாண் காலத்தில், புள்ளி போட வருபவரிடம் போய், 'ஆண்டு 1-இல் ஆறு பேருக்கு எழுத்தே தெரியவில்லை, என்ன செய்வதென்று புரியவில்லை' என்று யார் சொல்வார்? புள்ளி போட வரும் அன்றைக்கு மின்னட்டை (ஃபிளாஷ் கார்டு), பாட்டு, குழு நடவடிக்கை எல்லாம் வந்துவிடும். தடுமாற்றமெல்லாம் வியாழக்கிழமை கடைசிப் பாடவேளையில். அங்கே யாரும் வருவதில்லை.

வழிகாட்டி ஆசிரியர்களே, அங்கே போய் உட்காருங்கள். படிவம் வேண்டாம், சாதாரண நோட்டு போதும். இடப்பக்கம் மணி, வலப்பக்கம் பிள்ளைகள் செய்தது. 12.00, உள்ளே வந்தார்கள். 12.05, நோட்டு இன்னும் கொடுத்து முடியவில்லை. 12.08, தேதி எழுதுகிறார்கள். 12.11, பாடம் தொடங்கியது. 30 நிமிடத்தில் 11 போய்விட்டது. குறை சொல்லவே வேண்டாம், அந்தத் தாளைக் காட்டினால் அவருக்கே தெரியும். திருத்தமும் சின்னதுதான்: வரிசைத் தலைவர் முன்கூட்டியே நோட்டுகளை மேசையில் வைக்கட்டும், தேதி பலகையில் இருக்கட்டும். அன்றே பத்து நிமிடம், ஒரே ஒரு விஷயம் மட்டும் பேசுங்கள். அடுத்த வாரம் அதே பாடவேளைக்குப் போங்கள். அவரும் உங்கள் வகுப்பில் வந்து பார்க்கட்டும், முதலில் அதுதான் நடக்கவேண்டும்.

இதற்கு இருவருக்கும் வாரம் ஒரு பாடவேளையாவது ஒன்றாக ஓய்வு வேண்டும். பள்ளி நிர்வாகத்தினரே, அட்டவணை போடும்போதே ஒதுக்குங்கள், பிறகு முடியாது. பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளில் ஆள் குறைந்த பள்ளிகளும் உண்டு என்பது தெரியும். ஆனாலும் 'இளம் பிள்ளைதானே, கம்ப்யூட்டர் தெரியும்' என்று விளையாட்டுச் செயலாளர், புகைப்படம், இணையப் பதிவு எல்லாவற்றையும் ஒருவர் தலையிலேயே கட்டாதீர்கள். முதல் ஆண்டில் ஒரு பொறுப்பு போதும். ஓய்வுப் பாடவேளை முழுவதும் பதிலி வகுப்புக்கும் அனுப்பாதீர்கள்.

போன ஆண்டு ஆசிரியரின் வகுப்பறை மதிப்பீட்டுப் பதிவையும், யாருக்கு ஆஸ்துமா, யாருக்கு வாசிக்க வராது என்ற பட்டியலையும் முதல் நாளே கொடுங்கள். நாள் பாடத்திட்டத்தைப் புதிதாக எழுதச் சொல்லாதீர்கள், பழையதைக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் மூத்த ஆசிரியர் ஒருவர் கட்டாயம் இருக்கவேண்டும்.

புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, வகுப்பில் ஒரு பிள்ளை கைமீறிப் போனால் அன்றைக்கே கட்டொழுங்கு ஆசிரியரிடம் சொல்லுங்கள். தயவுசெய்து வெள்ளிக்கிழமைவரை மனதில் வைத்திருக்காதீர்கள்.