சாவியை டேக் ஆக்கலாமா?

சாவி-மதிப்புத் தொகுப்பு நிரல் எழுதுகிறவர்களுக்கு நன்றாகப் பழகியது. ஜாவாவில் ஹாஷ்மேப், சி ஷார்ப்பிலும் பைத்தானிலும் டிக்ஷனரி. பெயர் எதுவானாலும் சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பு கிடைக்கும். ஆனால் நிரல் முடிந்ததும் இது நினைவகத்தை விட்டுப் போய்விடும். சேமிக்கவோ வேறொரு நிரலுக்கு அனுப்பவோ வேண்டுமென்றால் எழுத்தாக மாற்றியாக வேண்டும். 1998-இல், இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வெளிவந்த எக்ஸ்எம்எல், அதற்கு இன்றும் புழங்கும் வடிவங்களில் ஒன்று.

எக்ஸ்எம்எல்லில் தரவைச் சுற்றிக் கோணக் குறிகளுக்குள் எழுதும் பெயர்தான் டேக். முதலில் தோன்றும் வழி, சாவியையே டேக் ஆக்குவது:

<நூல்>
  <தலைப்பு>கணிதம்</தலைப்பு>
  <பக்கம்>240</பக்கம்>
</நூல்>

படிக்க அழகாக இருக்கிறது. டேக் பெயரைத் தமிழில் வைக்கலாமா என்ற சந்தேகமே வேண்டாம், முதல் பதிப்பிலிருந்தே அதற்கு அனுமதி உண்டு. சிக்கல், "2024" என்றோ "முதல் பெயர்" என்றோ ஒரு சாவி வரும்போது தொடங்குகிறது. டேக் பெயர் எண்ணில் தொடங்கக் கூடாது, நடுவே இடைவெளியும் கூடாது. சரங்களை, அதாவது எழுத்துத் துண்டுகளை, ஒட்டிக் கோப்பை உருவாக்கும் நிரல் இதைக் கவனிக்காமல் எழுதிவிடும். பிழை அப்போது தெரியாது. வேறு யாரோ, வேறொரு நாளில் அந்தக் கோப்பைத் திறக்கும்போதுதான் வெடிக்கும். அதனால்தான் இந்தப் பிழையைத் தேடிப் பிடிப்பது இவ்வளவு கடினம்.

மைக்ரோசாஃப்டின் நிரலாக்கத் தளமான டாட்நெட்டில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு. பெயரில் ஆகாத எழுத்து இருந்தால், அதன் யூனிகோட் எண்ணை அடிக்கோடுகளுக்கு நடுவே வைத்துப் புதுப் பெயர் செய்து தரும். படிக்கும்போது பழைய பெயரைத் திரும்பப் பெறலாம். வேலை நடக்கும், ஆனால் அழகு போய்விடும். அழகுக்காகத்தானே இந்த வழிக்கே வந்தோம்!

அடிப்படைக் கோளாறு இதுதான்: நிரலுக்குள் சாவி என்பது தரவு. அதை டேக் ஆக்கியதும் அது ஆவணத்தின் இலக்கணத்துக்குள் நுழைந்துவிடுகிறது. எந்த டேக்குகள் வரும் என்று ஆவணத்தின் அமைப்பை வரையறுக்கும் ஸ்கீமாவில் முன்கூட்டியே எழுதிவைக்கவும் முடியாது. சாவிகள் எவை என்று முன்பே தெரிந்திருந்தால் அது வேறு கதை. அப்போது டிக்ஷனரியே தேவையில்லை, அந்தப் பெயர்களையே உறுப்புகளாகக் கொண்ட ஒரு கிளாஸ் எழுதிவிடலாம்.

சாவியைத் தரவாகவே விட்டுவிடுவதுதான் சரியான வழி என்பேன்:

<பதிவு சாவி="2024">240</பதிவு>

ஜாவாவின் புராபர்ட்டீஸ் கிளாஸ் 2004-இல் வந்த ஜாவா 5 முதல் எக்ஸ்எம்எல்லில் இப்படித்தான் எழுதுகிறது. ஆப்பிளின் பிலிஸ்ட் எனும் அமைப்புக் கோப்புகளில் சாவிக்கு ஒரு டேக், அடுத்து மதிப்புக்கு ஒரு டேக் என்று மாறி மாறி வரும். எது எதன் ஜோடி என்பது வரிசையை வைத்துத்தான் தெரியும், எனக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. ஜாவா ஆப்ஜெக்டுகளை எக்ஸ்எம்எல் ஆக்கும் ஜாக்ஸ்பியில் ஒவ்வொரு பதிவுக்குள்ளும் சாவி, மதிப்பு என இரண்டு குழந்தை உறுப்புகள் இருக்கும். நீளம் கூடினாலும், சாவியே எளிய எழுத்தாக இல்லாமல் பல தரவுகள் சேர்ந்த ஒரு ஆப்ஜெக்டாக இருக்கும் இடத்தில் இதைவிட்டால் நல்ல வழி இல்லை. மேலே டேக்குக்குள் வந்த சாவி="2024" போன்ற பண்புக்கூறில் எழுத்து மட்டும்தான் அடங்கும். அதிலும் ஒரு கண்ணி உண்டு. பண்புக்கூறுக்குள் அப்படியே விட்ட புதுவரி, படிக்கும்போது வெறும் இடைவெளியாகிவிடும். அதைக் காப்பாற்ற &#10; என்று எழுத வேண்டும்.

அப்புறம் மதிப்புகள். < என்ற குறியை &#60; என்றும், & குறியை &#38; என்றும் மாற்ற வேண்டும். இதைக் கையால் செய்யாமல் எக்ஸ்எம்எல் எழுதித் தரும் நிரல் நூலகத்தின் ரைட்டரிடம் விடுங்கள். மதிப்பின் வகையும் தொலைந்துவிடக்கூடும்: எழுத்தாக இருந்த "007", வகையை ஊகிக்கும் நிரலின் கையில் 7 ஆகிவிடும். ஆகவே வகையையும் பக்கத்தில் குறித்துவைக்க வேண்டும். மதிப்பே இல்லாததும் வெற்றுச் சரமும் ஒன்றல்ல, அதற்கும் தனி அடையாளம் வேண்டும். 3.14 என்ற எண்ணை ஜெர்மன் அமைப்புள்ள கணினி 3,14 என்று எழுதிவிடக் கூடும் என்பதால், எண்களை வட்டார வழக்கு சாராத வடிவில்தான் எழுத வேண்டும்.

தரவையும் அதைக் கையாளும் வழிகளையும் ஒரே ஆப்ஜெக்டில் வைக்கும் பொருள்நோக்கு நிரலாக்கத்தின் பலம் தெரிவது இங்கேதான். மதிப்பு எண்ணா, தேதியா, பட்டியலா, உள்ளே இன்னொரு டிக்ஷனரியா என்று "இப்படியானால் இப்படி" என வரிசையாக எழுதிக்கொண்டே போனால், புது வகை வரும்போதெல்லாம் அதே இடத்தைத் திருத்த வேண்டியிருக்கும். அதற்குப் பதில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு மாற்றி ஆப்ஜெக்ட் வைக்கலாம். எல்லா மாற்றிகளும் "எழுது", "படி" என்ற ஒரே இடைமுகத்தைப் பின்பற்றும். எந்த வகைக்கு எந்த மாற்றி என்பதை எங்கே வைப்பது? ஒரு சாவி-மதிப்புத் தொகுப்பில்தான்: வகை சாவி, மாற்றி மதிப்பு. டிக்ஷனரியை எழுதும் மாற்றி, தனக்குள் இருக்கும் ஒவ்வொரு மதிப்புக்கும் உரிய மாற்றியை அழைக்கும். உள்ளே இன்னொரு டிக்ஷனரி இருந்தால் மீண்டும் தன்னையே அழைக்கும்.

ஆப்ஜெக்டுகளை எழுத்தாக்கும் கருவியான, டாட்நெட்டின் பழைய எக்ஸ்எம்எல் சீரியலைசர், டிக்ஷனரியைக் கொடுத்தால் ஏற்காமல் பிழை எறியும். அதனால் பலர் தாங்களே ஒரு துணை கிளாஸ் எழுதி, எழுதுவதையும் படிப்பதையும் அதற்குள் வைத்துக்கொண்டார்கள். டாட்நெட் 3.0-இல் வந்த டேட்டா கான்ட்ராக்ட் சீரியலைசர் டிக்ஷனரியை நேரடியாகவே ஏற்கும்.

இன்னொன்று மிச்சம் இருக்கிறது. எக்ஸ்எம்எல் ஒரு மரம். நினைவகத்தில் இருக்கும் ஆப்ஜெக்டுகளோ வலை. "அ" என்ற தொகுப்புக்குள் "ஆ", "ஆ"-வுக்குள் மறுபடி "அ" என்று இருந்தால், தன்னையே அழைக்கும் மாற்றி நிற்காமல் ஓடி, அழைப்புகளைக் குறித்துவைக்கும் அடுக்கு நினைவகம் நிரம்பியதும் நிரல் விழுந்துவிடும். இதைத் தடுக்க, எழுதிய ஒவ்வொரு ஆப்ஜெக்டையும் ஓர் அடையாள எண்ணோடு நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். இரண்டாம் முறை அதே ஆப்ஜெக்ட் எதிர்ப்பட்டால், முழுவதையும் எழுதாமல் எண்ணை மட்டும் குறிப்பார்கள். படிக்கும் நிரல் அந்த எண்ணைக் கொண்டு அறுந்த இணைப்பை மறுபடி கட்டும்.