பேச்சு வர தாமதமா? முதலில் காதைப் பாருங்கள்

"சொல்றதெல்லாம் நல்லா புரியுது, பேச்சு மட்டும்தான் வரல." நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் என்று எந்தப் பக்கத்திலிருந்து பேச்சுப் பயிற்சிக்கு வந்தாலும் பெற்றோர் முதலில் சொல்வது இதைத்தான். அம்மா ஸ்வெட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு, "வெளியே போலாமா? செருப்பு எடுத்துட்டு வா" என்றால் இரண்டு வயதுக் குழந்தை ஓடிப்போய் எடுத்து வரும். அதற்குப் புரிந்தது ஸ்வெட்டராகக்கூட இருக்கலாம். அதே குழந்தையிடம் சாயங்காலம் சும்மா இருக்கும்போது, கை காட்டாமல், அந்தப் பக்கம் பார்க்காமல், "செருப்பு எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். வேறு வேறு நாளில் நான்கைந்து பொருள்களை வைத்துக் கேட்டும் திருதிருவென விழித்தால், சிக்கல் பேச்சில் மட்டும் இல்லை.

அடுத்தது காது. "தட்டைத் தட்டினா திரும்புறானே!" என்பார்கள். எவர்சில்வர் தட்டின் சத்தம் ஓரளவு காது மந்தமான குழந்தைக்கும் கேட்கும். அதற்கு நழுவிப்போவது ச, ஸ, ப போன்ற மெல்லிய ஒலிகள். மழைக்காலம் தொடங்கிப் பனி முடியும்வரை சளி விடாத பிள்ளைகள் இந்த மலையில் நிறைய. மூக்கின் பின்புறத்திலிருந்து நடுச்செவிக்குப் போகும் குழாய் வீங்கி அடைத்துக்கொண்டால், செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்ளும். பெரும்பாலும் வலி இருக்காது, சீழ் வடியாது. பஞ்சு வைத்ததுபோல் மங்கலாகக் கேட்கும், அவ்வளவுதான். அதுவும் ஒரு வாரம் கேட்கும், மறுவாரம் கேட்காது. "வேணும்னா திரும்புவான், இல்லன்னா மாட்டான், சரியான பிடிவாதம்" என்று வீட்டில் பேர் வாங்கிய சில பிள்ளைகளின் கதை இதுதான்.

காது கேட்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைகளில் 'பெரா' (BERA) என்பது, காதில் ஒலி கொடுத்து மூளை வரை அது போகிறதா என்று பார்ப்பது. குழந்தை அசையாமல் தூங்கும்போது எடுப்பது. மலையிலிருந்து கோவைக்குப் போகிறவர்களுக்கு இங்கேதான் காரியம் கெடுகிறது. குன்னூரிலிருந்து இறங்கும் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குள் குழந்தை மடியில் தூங்கிவிடும். ஆஸ்பத்திரியில் எழுந்து உட்கார்ந்து விளையாடும். பரிசோதனை தள்ளிப்போகும், ஒரு நாள் கூலியும் போகும். முந்தைய இரவு தாமதமாகத் தூங்கவையுங்கள், காலையில் சீக்கிரம் எழுப்புங்கள், பஸ்ஸில் எப்பாடுபட்டாவது விழித்திருக்கச் செய்யுங்கள். பால் புட்டியும் போர்வையும் பரிசோதனை அறைக்குள் வரட்டும். தூக்க மருந்து தருவார்களா, அதற்கு முன் எவ்வளவு நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். கடும் சளி இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு மைசூரு பக்கம். அங்கே 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. பந்திப்பூர் காட்டுவழி இரவு 9 மணியிலிருந்து காலை 6 வரை மூடியிருக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள். அலைவதற்கு முன்னால் அங்கன்வாடி ஊழியரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தேசிய சிறார் நலத் திட்டக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வந்து பார்க்க வேண்டும். பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைக் கவனிக்கும் மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்பிவைப்பதும் அவர்களே.

வீட்டில் படுகு மொழி, அங்கன்வாடியில் தமிழ், பக்கத்து வீட்டில் மலையாளம். "அதான் குழம்பிப்போச்சு, இனிமே இங்கிலீஷ் மட்டும் பேசுங்க" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். பல மொழி கேட்பதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. சொற்களை எண்ணும்போது எல்லா மொழியையும் சேர்த்தே எண்ண வேண்டும். 'ஹாலு', 'பால்' இரண்டையும் சொல்லும் குழந்தைக்கு இரண்டு சொல். பாட்டிக்கு வராத மொழியைப் பாட்டி பேசத் தொடங்கினால், குழந்தை கேட்கும் பேச்சே பாதியாகிவிடும்.

ஒரு வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, ஒன்றரை வயதில் விரல் நீட்டிக் காட்டாதது, இரண்டு வயதில் 50 சொல்லும் வராமல், "அம்மா வா" என்று இரண்டைச் சேர்க்கவும் வராதது, எந்த வயதிலானாலும் வந்த சொல் மறைந்துபோவது: இவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. "அவங்க அப்பாவும் அஞ்சு வயசுலதான் பேசினான்" என்று மாமியார் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், அது இன்னும் சீக்கிரம் காட்ட ஒரு காரணம். நாக்கில் வசம்பு தேய்ப்பது வேண்டாம், புரையேறும். மூன்று வயதில் 'ழ' வரவில்லை என்று வருகிறவர்கள் மட்டும் நிம்மதியாகத் திரும்பிப் போகலாம்.

வாரம் ஒருமுறை முக்கால் மணி நேரப் பேச்சுப் பயிற்சியை நம்பி ஆறு நாள் சும்மா இருந்தால் பலன் குறைவு. வீட்டில் நடக்கும் பெரிய தப்பு, "சொல்லு, மாமா சொல்லு, எங்க சொல்லு" என்று நச்சரிப்பது. கேள்வியைக் குறையுங்கள். வர்க்கி பிஸ்கட் ஒரு கையில், வாழைப்பழம் ஒரு கையில், குழந்தையின் கண் மட்டத்துக்குக் குனிந்து, "வர்க்கியா? பழமா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். அம்மாக்களில் பலருக்கு மூன்றுக்கு மேல் பொறுக்காது. கையை நீட்டினாலும், "வ" என்றாலும் கொடுத்துவிடுங்கள், கொடுக்கும்போது "வர்க்கி" என்று நீங்கள் சொன்னால் போதும். சொன்னால்தான் தருவேன் என்று அழவைத்தால் அடுத்த முறை கேட்கவே வராது. "பஸ்" என்றால் "பச்சை பஸ்" என்று ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல்லுங்கள். காலையில் குல்லா மாட்டும் நேரம், வெந்நீர் ஊற்றும் நேரம், தினமும் அதே சொற்கள்.

போனைப் பொறுத்தவரை, இரண்டு வயதுக்குள் வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன அளவு. ஒரு வேலைக்கு மட்டும் போன் உதவும். பயிற்சி அறையில் பல பிள்ளைகள் வாயே திறக்காது என்பதால், வீட்டில் விளையாடும்போது இரண்டு நிமிஷம் வீடியோ எடுத்து வாருங்கள். ரைம்ஸ் ஒப்பிக்கச் சொல்லி எடுக்காதீர்கள். அண்ணனோடு சண்டை போடுவது, சோறு வேண்டாம் என்பது, அந்த மாதிரி.