சவாத்: ஒரு பழஞ்செருப்பின் பெயர் பெற்ற சண்டைக்கலை

பிரான்சு நாட்டின் தெருக்களில் பிறந்து, பின்னர் விதிகளும் பயிற்சிக்கூடங்களும் பெற்று விளையாட்டாக வளர்ந்த ஓர் அடிதடிக் கலைக்குச் ‘சவாத்’ என்று பெயர். ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து இதனைச் ‘சாவேட்’ என்று எழுதுவோர் உண்டு, அது பிழை. பிரெஞ்சில் இச்சொல்லின் இறுதி மெய் ஒலிக்காமல் விழுங்கப்படுவதும் இல்லை, நாமடித்து ஒலிக்கப்படுவதும் இல்லை. பல்லை நாக்கு தொடும் தகரமாகவே ஒலிக்கும். படைவீரரைக் குறிக்கும் ‘சொல்தா’ என்னும் பிரெஞ்சுச் சொல்லைப் புதுச்சேரியார் டகரம் போடாமல் தகரம் போட்டே வழங்கிவருவதை நினைவிற்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

சவாத் என்பதன் நேர்பொருள் தேய்ந்துபோன பழைய காலணி என்பதே. புதிய காலணிக்கு இச்சொல் வழங்காது. குதிகால் மிதிபட்டு, தோல் தளர்ந்து, தரையில் தேய்த்துக்கொண்டு நடப்பதற்கு மட்டுமே உதவுவதுதான் சவாத். ஆகவே பிரெஞ்சில் இச்சொல்லைச் சுற்றி ஏளனமும் ஏழ்மையும் படிந்துள்ளன. வறுமையில் அலைபவரைச் ‘சவாத்தை இழுத்துக்கொண்டு திரிகிறார்’ என்பார்கள். ஒன்றைப் படுமோசமாகச் செய்பவரைச் ‘சவாத்தைப் போல ஆடுகிறார்’, ‘சவாத்தைப் போலப் பாடுகிறார்’ என்று பழிப்பார்கள். பழைய காலணிகளைச் செப்பனிடுபவருக்குச் ‘சவத்தியே’ என்ற பெயரும் இதே வேரிலிருந்து வந்தது. படைவீரர்களிடையே மற்றொரு வழக்கும் இருந்தது: கூட்டாளிகளுக்குத் தீங்கிழைத்த வீரனைப் பிடித்துப் பிட்டத்தில் காலணியால் அடிப்பதற்கும் ‘சவாத் கொடுப்பது’ என்றே பெயர். நம்மூர்ச் ‘செருப்படி’ என்ற சொல்லின் அவமதிப்பு முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

இச்சொல்லுக்குத் தமிழில் ஓர் உறவு உண்டு என்பதுதான் இதனை எழுதத் தூண்டியது. பிரெஞ்சின் சவாத், இத்தாலியத்தின் சியபாத்தா, எசுப்பானியத்தின் சப்பாத்தோ, போர்த்துகீசியத்தின் சப்பாத்து ஆகிய நான்கும் ஒரே குடும்பத்தவை. போர்த்துகீசியர் கடல் கடந்து சென்ற இடங்களிலெல்லாம் இச்சொல்லையும் இறக்கிவைத்தனர். மலாய் மொழியில் அது ‘செபாத்து’ ஆயிற்று. சிங்களத்தில் ‘சபத்து’ ஆயிற்று. மேசை, சாவி, சன்னல், அலமாரி ஆகியவற்றோடு தமிழுக்கு வந்தபோது ‘சப்பாத்து’ ஆயிற்று. தமிழகத்தில் இன்று ‘ஷூ’ என்னும் ஆங்கிலச் சொல் அதனைப் பெரும்பாலும் ஓரங்கட்டிவிட்டது. ஆனால் இலங்கைத் தமிழில் சப்பாத்து இன்னும் உயிர்ப்போடு நடமாடுகிறது. பள்ளிப் பிள்ளையின் வெள்ளைச் சப்பாத்து முதல் போர்க்கால எழுத்துகளில் அச்சத்தின் அடையாளமாக வரும் ‘சப்பாத்துக் கால்கள்’ வரை அச்சொல்லுக்கு அங்கே பரந்த ஆட்சி உண்டு.

இந்தச் சொற்குடும்பத்தின் மூலம் எது என்பதில் மொழியறிஞர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கு வெளியேயும், வட ஆப்பிரிக்க அரபில் ‘சப்பாத்’, தாத்தார் மொழியில் மரப்பட்டை நாரால் பின்னிய காலணிக்குச் ‘சபாத்தா’ என ஒத்த ஒலியுடைய சொற்கள் இருப்பதால், எது எதனிடம் கடன்பட்டது என்னும் வழக்கு நீள்கிறது. போகிற போக்கில் ஒன்று: இத்தாலியர் ‘சியபாத்தா’ என்ற பெயரைத் தட்டையான ஒரு ரொட்டிக்கும் சூட்டியுள்ளனர், நம் ஊர் ‘சப்பாத்திக்கள்ளி’யைச் சிலர் ‘சப்பாத்துக்கள்ளி’ என்று சொல்வதைக் கேட்கும்போது, ரொட்டியும் காலணியும் இங்கும் ஒன்றோடொன்று கைகலந்துவிட்டனவோ என்று எண்ணத் தோன்றுகிறது.

காலணியின் பெயர் கலைக்கு வந்த கதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. பாரிசின் எளிய மக்கள் வாழ்ந்த பகுதிகளில் கனத்த காலணியணிந்த கால்களால் முழங்காலுக்குக் கீழே உதைத்துச் சண்டையிடும் முறை சவாத் எனப்பட்டது. தெற்கே மார்செய் துறைமுகத்தின் மாலுமிகளிடையே வேறொரு முறை வழங்கியது. அதில் உதைகள் உயரமானவை, கைகளில் ஒன்றைத் தரையில் ஊன்றிக்கொண்டு கால்களை வீசுவதும் உண்டு. ஆடும் கப்பல்தளத்தில் நிலை தவறாமலிருக்கவே கையூன்றும் பழக்கம் தோன்றியது என்று விளக்கம் கூறுவர். இதற்குப் பெயர் ‘ஷோஸோன்’, அதாவது மென்மையான உள்ளகக் காலணி. வடக்கே தேய்ந்த செருப்பு, தெற்கே மெல்லிய செருப்பு என இரு முறைகளுமே காலணியால் பெயர் பெற்றிருப்பது தற்செயல் அன்று. அடிப்பது கால் என்றாலும் எதிராளியின் உடலில் பட்டது காலணியே.

மிஷேல் காஸ்ஸெ என்பவர் 1825-இல் பாரிசில் பயிற்சிக்கூடம் ஒன்றைத் திறந்து, கண்ணைத் தோண்டுவது, தலையால் முட்டுவது முதலிய தெருச் செயல்களை விலக்கி இக்கலைக்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்தார். அவருடைய மாணவரான ஷார்ல் லெகூர், 1838-இல் ஓவன் ஸ்விஃப்ட் என்ற ஆங்கிலக் குத்துச்சண்டை வீரரோடு நட்புமுறையில் மோதித் தோற்றார். அதுவரை சவாத்தில் கை என்பது பெரும்பாலும் தடுப்பதற்கும் அறைவதற்கும் மட்டுமே பயன்பட்டது. கை முஷ்டியை முறையாகப் பயன்படுத்தும் எதிராளியின் முன் அது போதவில்லை என்பதை லெகூர் உணர்ந்து, ஆங்கிலக் குத்துகளைக் கற்றுப் பிரெஞ்சு உதைகளோடு இணைத்தார். பெயர்ச்சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. புதிய கலப்புக்குப் ‘பிரெஞ்சுக் குத்துச்சண்டை’ என்று பொருள்படும் பெயர் இடப்பட்டது. பழஞ்செருப்பு என்ற பெயரோடு கனவான்களின் கூடங்களுக்குள் நுழைய முடியாதல்லவா?

ஷோசெப் ஷார்லமோன் என்ற ஆசிரியர் அதன் நுட்பங்களை ஒழுங்குபடுத்தி நூலாக எழுதினார். அவருடைய மகன் ஷார்ல் 1899-இல் பாரிசில் ஆங்கிலேயரான ஜெரி டிரிஸ்கோலை வென்றார். முடிவைத் தீர்மானித்த உதை விதிக்கு உட்பட்ட இடத்தில்தான் பட்டதா என்ற பூசல் அப்போதே எழுந்தது. 1924-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் இது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. உலகப்போர்கள் இக்கலையைப் பெரிதும் நலிவித்தன. அதனை மீட்டவர்களில் ஷார்லமோனின் மாணவர் பியேர் பாரூசி முதன்மையானவர். இன்று பிரெஞ்சுக் கூட்டமைப்பின் பெயரிலேயே ‘சவாத்’ முதலிலும் ‘பிரெஞ்சுக் குத்துச்சண்டை’ அடுத்தும் நிற்கின்றன. ஒருகாலத்தில் நாணி மறைத்த சொல் தலைவாசலுக்குத் திரும்பிவிட்டது.

இனித் தமிழ் நிகர்ச்சொல். ‘பிரெஞ்சுக் குத்துச்சண்டை’ என்ற நேர்பெயர்ப்பு, கேட்பவருக்குக் கையுறையையும் குத்தையும் மட்டுமே நினைவூட்டும். இக்கலையின் சிறப்பான உதையை அது மறைத்துவிடுகிறது. ‘உதைச்சண்டை’ என்றால் தாய்லாந்து, சப்பான் முறைகளும் அதற்குள் அடங்கிவிடும். இவற்றிலிருந்து சவாத்தைப் பிரித்துக்காட்டும் விதி ஒன்று உண்டு: இங்கே வீரர் காலணியணிந்தே களமிறங்குகிறார், உதை காலணியால் மட்டுமே படவேண்டும், முழங்காலாலோ கணைக்காலாலோ தாக்குவது குற்றம். வெறுங்காலின் விரல் முறிந்துவிடக்கூடிய இடத்திலும் காலணியின் முனையால் குறிபார்த்து உதைக்க முடிவது இதனால்தான். எனவே நிகர்ச்சொல்லில் காலணி இருந்தே தீரவேண்டும்.

எந்தக் காலணி என்பது அடுத்த கேள்வி. சங்க நூலான பெரும்பாணாற்றுப்படை காலணியை ‘அடிபுதை அரணம்’, அதாவது பாதத்தை மறைக்கும் காப்பு, என்கிறது. அழகான தொடர்தான், ஆனால் விளையாட்டுச் செய்தியில் அதனைப் படிப்பவர் அகராதியைத் தேடவேண்டியிருக்கும். ‘செருப்புச்சண்டை’ என்றால் சொல்லின் பழைய இழிபொருளுக்கு நெருக்கமாக இருக்கும் என்றாலும், தமிழில் அது கழற்றிக் கையில் எடுத்து அடிப்பதையே குறிக்கும். காலை முழுதும் மூடிக் கட்டிய காலணிக்கு வழக்கிலுள்ள ‘சப்பாத்து’, சவாத்தின் இரத்த உறவும் ஆகையால், ‘சப்பாத்துச் சண்டை’ என்பதையே நான் தேர்வேன். கராத்தே, ஜூடோ போலச் ‘சவாத்’ என்ற இயற்பெயரை நிலைநிறுத்திவிட்டு, முதன்முறை வருமிடத்தில் ‘சவாத் என்னும் சப்பாத்துச் சண்டை’ என்று எழுதினால் பொருளும் விளங்கும், உறவும் தெரியும்.

கலைச்சொற்கள் சிலவும் தமிழில் எளிதாகவே அமைகின்றன. ‘ஃபுவே’ என்றால் சாட்டை. முழங்காலை மடக்கி வளைத்துச் சொடுக்கும் ‘ஃபுவேத்தே’ நமக்குச் சாட்டையுதை. விரட்டுதல் என்னும் பொருளிலிருந்து வந்த ‘ஷஸ்ஸே’, காலை மார்பளவு மடக்கி நேராக நீட்டித் தள்ளுவது, தள்ளுதை எனலாம். ‘ரெவேர்’ காலை நேராக வைத்துப் புறப்பக்கமாக வீசி உள்ளங்காலால் தொடுவது. அதற்குப் புறவீச்சுதை பொருந்தும். எதிராளியின் கணைக்காலைக் குறிவைக்கும் உதைக்குத் தாழுதை போதும். போட்டியாளரைக் குறிக்கும் ‘திரேர்’ மட்டும் சற்றே முரண்டுபிடிக்கிறது. வாள்வீச்சுக் கூடத்திலிருந்து கடன்வாங்கிய சொல் அது. எய்பவர், இழுப்பவர் என்று பொருள் தரும். அதனை அப்படியே பெயர்த்தால் வில்லாளி என்று மயங்க நேரும். ஆகவே ‘சவாத் வீரர்’, ‘சவாத் வீராங்கனை’ என்பதோடு நின்றுவிடுவது நல்லது.