மோட்டார் கிளம்பியதும் ரோபோ மயங்கி விழுவது ஏன்?

கையில் தூக்கிப் பிடித்தால் சக்கரங்கள் ஒழுங்காகச் சுழல்கின்றன. தரையில் வைத்ததும் ரோபோ கார் ஒரு துள்ளு துள்ளி நின்றுவிடுகிறது. அதை இயக்கும் சிறு கணினியான அர்டுயினோ பலகை தானாக முதலிலிருந்து ஓடத் தொடங்குகிறது. புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிரலைத் திருத்த உட்காருகிறார்கள். நிரலை விட்டுவிட்டு, மின்னழுத்தத்தை அளக்கும் மல்ட்டிமீட்டரை எடுங்கள்.

மஞ்சள் நிறக் கியர் மோட்டார் சுமையின்றிச் சுழலும்போது சுமார் 0.2 ஆம்பியர்தான் இழுக்கும். அசையாமல் இருந்து கிளம்பும் கணத்தில் அது பல மடங்காகிவிடும். சுழலும் மோட்டார் தனக்குள் ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி மின்னோட்டத்தைத் தடுக்கிறது. நிற்கும் மோட்டாரில் அந்தத் தடை இல்லை. ரோபோவுக்கு மின்சாரம் தரும் சதுர 9 வோல்ட் பேட்டரிக்கோ உள்ளேயே ஒன்றிரண்டு ஓம் மின்தடை உண்டு. 2 ஆம்பியர் கேட்டால் 2 முதல் 4 வோல்ட் அங்கேயே கரைந்துபோகும். அர்டுயினோ உனோ பலகையில் பேட்டரியை இணைக்கும் வின் (Vin) முனைக்கு 7 வோல்ட்டாவது வேண்டும். அது கிடைக்காதபோது பலகைக்குள் மின்சாரம் தரும் 5 வோல்ட் தடமும் சரிந்து சில்லு மறுதொடக்கம் ஆகிறது.

சோதிப்பது எளிது. மீட்டரின் முனைகளை 5வி, கிரவுண்ட் பின்களில் வையுங்கள். மோட்டாரை ஓடவிட்டுச் சக்கரத்தை ஒரு விநாடி மட்டும் கையால் பிடியுங்கள். கணநேரச் சரிவை மீட்டர் தவறவிடும். சக்கரத்தை அப்படிப் பிடித்து நிறுத்தினால் எண் இறங்குவது கண்ணுக்குத் தெரியும்.

தீர்வு, மின்சாரத்தைப் பிரிப்பது. ஆறு ரீசார்ஜபிள் ஏஏ பேட்டரிகள் தரும் 7.2 வோல்ட்டை மோட்டாருக்குக் கொடுங்கள். பலகையின் கட்டளைப்படி மோட்டாருக்கு மின்சாரம் அனுப்பும் எல்298என் டிரைவர் ஏறக்குறைய 2 வோல்ட்டைத் தின்றுவிடுவதால் மோட்டாருக்கு 5 வோல்ட் போய்ச் சேரும், அது போதும். பலகைக்குப் பவர் பேங்க். சில பவர் பேங்குகள் மின்னோட்டம் குறைவென்று அரை நிமிடத்தில் அணைந்துவிடும், கவனியுங்கள். இரண்டின் கிரவுண்ட் வயர்களையும் கட்டாயம் இணைக்க வேண்டும்; மறந்தால் டிரைவருக்குக் கட்டளை ஒழுங்காகப் போய்ச் சேராது.

தூர உணரி தாறுமாறாக எண்களைக் காட்டினால் மோட்டார் பிரஷ்ஷில் எழும் தீப்பொறி இரைச்சலைச் சந்தேகியுங்கள். ஒவ்வொரு மோட்டாரின் இரு முனைகளுக்கும் குறுக்கே 104 என்று அச்சிட்ட செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவையுங்கள். சிங்கப்பூரில் மின்னணுப் பாகங்கள் விற்கும் சிம் லிம் டவர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் பின்னோக்கிச் சுழன்றால் அதன் இரு வயர்களை மாற்றினாலே போதும்.

தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைத் தொடரும் ரோபோ இரவில் வீட்டில் ஓடி, பகலில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் தடுமாறுவதும் உண்டு. பக்கவாட்டில் நுழையும் வெயிலின் அகச்சிவப்புக் கதிர் உணரியை ஏமாற்றுகிறது. உணரியைச் சுற்றிக் கறுப்பு அட்டையால் மறைப்புக் கட்டி, ஓடவிடும் இடத்திலேயே வெள்ளைத் தரையிலும் கறுப்பு டேப்பிலும் அளவெடுத்து, நடு எண்ணை எல்லையாக வையுங்கள். பளபளக்கும் டேப் வேண்டாம்.